ஸ்லாப்பி ஜோ: ஒரு பெயர், நாலு ஊர், இரண்டு வாணலி

போன வருடம் வேலை மாறியதால் அயோவாவிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம். வந்த ஆறாவது வாரத்தில் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். புதுப் பள்ளியில் அப்போதுதான் ஐந்தாறு பேர் பழக்கமாகியிருந்தார்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம், சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. "ஸ்லாப்பி ஜோ" என்றாள். அயோவாவில் அவள் படித்த பள்ளியில் மாதம் இரண்டு முறை மதியத்துக்கு அதைப் போடுவார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து டிபன் டப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

வீட்டில் பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. அதனால் பக்கத்தில் இருந்த ஒரு டெலிக்கு ஃபோன் போட்டு, எட்டுப் பேருக்கு ஸ்லாப்பி ஜோ வேண்டும் என்றேன். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்றடுக்கு ரை பிரெட். நடுவில் மெல்லிசாகச் சீவிய டர்க்கி, ரோஸ்ட் பீஃப், சீஸ், கோல்ஸ்லா, ரஷ்யன் டிரெஸ்ஸிங். தொட்டால் சில்லென்று இருந்தது.

வந்த பிள்ளைகள் எல்லாரும் "ஓ, ஸ்லாப்பி ஜோ!" என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். என் மகள் மட்டும் என் காதருகே வந்து, "அப்பா, இது ஸ்லாப்பி ஜோ இல்ல" என்றாள். அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் அவள் ஒருத்திக்குத்தான் அது தப்பான பெயர்.

டெலிக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. நியூ ஜெர்சியில் ஸ்லாப்பி ஜோ என்றால் அதுதான். மீதி அமெரிக்காவில் ஸ்லாப்பி ஜோ என்றால் வேறு. ஒரே பெயர், இரண்டு பொருள். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன்: நாமே வீட்டில் செய்வது, அதற்கு முன்னால் இது என்னவென்று ஒழுங்காகப் படிப்பது. இந்தப் பதிவு அந்தப் படிப்பின் குறிப்புகள்தான். நடுவில் நான் செய்த ஒரு பெரிய தவறும் வருகிறது.

முதலில், இது என்ன?

கேள்விப்படாதவர்களுக்கு: மும்பைக் கீமா பாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான். கொத்துக்கறியை வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கி, தக்காளி சாஸில் கொதிக்கவிட்டு, சுண்டியதும் ஹாம்பர்கர் பன்னுக்குள் அள்ளி வைக்கிறார்கள். வித்தியாசம் சுவையில். கீமா பாவில் மசாலா முன்னால் நிற்கும். ஸ்லாப்பி ஜோவில் இனிப்பும் புளிப்பும் முன்னால் நிற்கும். காரம் பேருக்குத்தான் இருக்கும். ஸ்லாப்பி என்றால் ஒழுங்கில்லாமல் சிந்திச் சிதறுவது. சாப்பிடும்போது பாதி தட்டில் விழும். விழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஜோ யார்?

இந்தக் கேள்விக்கு நாலு ஊர்கள் கையைத் தூக்குகின்றன.

முதலாவது அயோவா மாநிலத்தின் சூ சிட்டி. அயோவாவில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1926இல் மஸ்கட்டீன் என்ற ஊரில் ஃப்ரெட் ஏஞ்சல் என்ற கசாப்புக் கடைக்காரர் மெய்ட்-ரைட் என்ற கடையைத் தொடங்கினார். கொத்துக்கறியை வடைபோலத் தட்டாமல் உதிரியாகவே வேகவைத்துப் பன்னில் வைத்துக் கொடுத்தார். சாஸ் கிடையாது. இதற்கு லூஸ் மீட் என்று பெயர். சூ சிட்டிப் பக்கம் டேவர்ன் என்பார்கள். அயோவாவில் இருந்த நாட்களில் நானே பலமுறை இதைப் பார்த்திருக்கிறேன். 1930களில் சூ சிட்டியில் ஜோ என்ற சமையல்காரர் இந்த உதிரிக் கறியில் தக்காளி சாஸை ஊற்றினார், பிறந்தது ஸ்லாப்பி ஜோ என்பதுதான் இன்று அதிகம் சொல்லப்படும் கதை. கதையில் ஜோவுக்கு முழுப்பெயர் கூட இல்லை.

இரண்டாவது கியூபாவின் ஹவானா. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. குடிக்க நினைத்த அமெரிக்கர்கள் கப்பலேறி ஹவானாவுக்குப் போனார்கள். அங்கே ஹோசே என்ற ஸ்பானியர் நடத்திய மதுக்கடைக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்லாப்பி ஜோஸ். ஹோசேதான் அமெரிக்க வாயில் ஜோ ஆகிவிட்டார். அந்தக் கடை 1960களில் மூடப்பட்டு, 2013இல் மறுபடி திறக்கப்பட்டது.

மூன்றாவது ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட். மதுவிலக்கு நீங்கிய அதே நாளில், 1933 டிசம்பர் 5 அன்று, ஜோ ரஸ்ஸல் என்பவர் அங்கே மதுக்கடை திறந்தார். அவருடைய நண்பரும் வாடிக்கையாளருமான எர்னஸ்ட் ஹெமிங்வே, ஹவானாக் கடையின் பெயரையே இதற்கும் வைக்கச் சொன்னார் என்பது அந்தக் கடையின் வரலாறு.

நாலாவது, எனக்கு அடிவாங்கித் தந்த நியூ ஜெர்சி. சவுத் ஆரஞ்சு என்ற ஊரில் டவுன் ஹால் டெலி என்றொரு கடை இருக்கிறது. 1930களில் உள்ளூர் மேயர் ஒருவர் ஹவானாவுக்குப் போய் அந்த மதுக்கடையில் சாப்பிட்ட சாண்ட்விச்சில் மயங்கி, இங்கே வந்து அதேபோலச் செய்யச் சொன்னார். அதுதான் இந்த மூன்றடுக்கு சாண்ட்விச் என்கிறார்கள்.

ஆக, இரண்டு ஊர்க்காரர்கள் ஹவானாவைக் கைகாட்டுகிறார்கள். சூ சிட்டி தனியாக நிற்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான். அமெரிக்க ஆங்கிலத்தில் ஜோ என்பது ஒரு ஆளின் பெயர் மட்டுமல்ல. நாம் குப்பன், சுப்பன் என்று சொல்வதுபோல யாரோ ஒரு சாதாரண மனுஷன். ஸ்லாப்பி ஜோஸ் என்றால் மலிவான, அவ்வளவு சுத்தம் பார்க்காத சாப்பாட்டுக்கடை என்ற பொருள் அந்தக் காலத்திலேயே இருந்தது. 1940களில் கல்லூரிப் பெண்கள் போட்ட தொளதொள ஸ்வெட்டருக்கும் ஸ்லாப்பி ஜோ என்றுதான் பெயர். ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் அது ஒரு சட்டைதான். தொளதொளவென்று ஒழுங்கில்லாமல் இருக்கும் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் பெயர் இது. உதிரிக் கறிக்கும் ஒட்டிக்கொண்டது. ஜோ என்று ஒருவரைத் தேடிப் போனால் ஊருக்கு ஒரு ஜோ கிடைப்பார்.

ஏன் இவ்வளவு பரவியது?

இதற்குப் பெயரைவிடத் தெளிவான பதில் இருக்கிறது: கொஞ்சம் கறியை நிறையப் பேருக்குக் காட்டும் வழி இது. நூறு கிராம் கறியை வடையாகத் தட்டினால் ஒரு ஹாம்பர்கர். அதையே உதிர்த்து, வெங்காயமும் குடைமிளகாயும் சாஸும் சேர்த்தால் பன் நிறைந்துவிடும், வயிறும் நிறைந்துவிடும். 1930களின் பொருளாதார மந்தத்தில் இது பெரிய விஷயம். அடுத்து உலகப்போர். 1943 மார்ச் முதல் 1945 நவம்பர் வரை அமெரிக்காவில் இறைச்சிக்கு ரேஷன் இருந்தது.

1946இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. பள்ளிச் சமையலறைக்கு ஸ்லாப்பி ஜோ தோதான பண்டம். பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் சூடாக வைத்தாலும் காய்ந்துபோகாது. ஐஸ்க்ரீம் எடுக்கும் குழிக்கரண்டியால் ஒரு கரண்டி எடுத்தால் ஒரு பிள்ளைக்கு அளவு சரியாக இருக்கும். 1969இல் ஹன்ட்ஸ் நிறுவனம் மான்விச் என்ற டப்பா சாஸைக் கொண்டுவந்தது. கறியை வதக்கு, டப்பாவைக் கவிழ், பன்னில் வை. கால்மணி நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அமெரிக்காவில் நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் பலருக்கு இளவயது வியாழக்கிழமை ராத்திரி என்றால் இந்த டப்பாதான் ஞாபகம் வரும்.

நானும் முதலில் டப்பாதான் வாங்கினேன். மகள் சாப்பிட்டாள். "கிட்டத்தட்ட" என்றாள். அந்தக் "கிட்டத்தட்ட"தான் என்னைத் தூண்டியது.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

டப்பாவின் வசதியே அதன் குறையும். நாலு வெவ்வேறு வேலைகளை ஒரே சாஸில் போட்டு மூடிவிடுகிறது. வீட்டில் செய்தால் நாலையும் தனித்தனியாகத் திருகலாம்.

ஒன்று, இனிப்பு. இரண்டு, புளிப்பு. மூன்று, உப்பு. நாலாவது, ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் உமாமி என்று பெயர் வைத்த சுவை. குளூட்டமேட் என்ற பொருளால் வருவது. பழுத்த தக்காளி, சோயா சாஸ், காளான், புளிக்கவைத்த மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாக்கில் தங்கி, இன்னொரு வாய் கேட்கவைப்பது இதுதான்.

கெட்ச்சப் ஒன்றே முதல் மூன்றையும் செய்துவிடும். அதனால்தான் பாதி வீட்டுச் செய்முறைகள் கெட்ச்சப்பையே நம்பியிருக்கின்றன. ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 17 கிராம் கெட்ச்சப்பில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை. அரைக் கப் ஊற்றினால் 8 மேசைக்கரண்டி, 32 கிராம் சர்க்கரை. அதன் மேல் பல செய்முறைகள் நாட்டுச் சர்க்கரை போன்ற பிரவுன் சுகரையும் போடச் சொல்கின்றன. நான் கெட்ச்சப்பைப் பாதியாக்கி, மீதிக்குத் தக்காளி பேஸ்ட் போடுகிறேன். பேஸ்டில் உமாமி நிறைய, சேர்த்த சர்க்கரை இல்லை. இனிப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, "நல்லாருக்கு, ஆனா இது கீமா" என்றாள். அவள் சொன்னது சரி.

முதல் வாணலி: டர்க்கி

அசல் பண்டம் மாட்டிறைச்சியில் செய்வது. எங்கள் வீட்டில் அது வாங்குவதில்லை. டர்க்கிக் கொத்துக்கறி போடுகிறோம். மாற்றும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கடையில் 80/20 என்று எழுதியிருக்கும் மாட்டுக் கொத்துக்கறியில் 20 சதவீதம் கொழுப்பு. 450 கிராமுக்கு 90 கிராம். டர்க்கியில் 93/7 என்பதுதான் சாதாரணமாகக் கிடைக்கும். கொழுப்பு குறைந்தால் ருசியும் குறையும், கறியும் வரட்டுத் துகளாகிவிடும். அதனால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நாமே சேர்க்க வேண்டும்.

450 கிராம் கறிக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, 15 நிமிடம் வையுங்கள். ஆப்ப சோடாதான். சோடா கறியின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அப்படிக் குறைந்தால் சூட்டில் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைவது குறையும். கறி தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், ஜாக்கிரதை.

வாணலி நன்றாகச் சூடானதும் எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூன்று நிமிடம் கிளறக் கூடாது. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்த பாடம். கறி பழுப்பாகி வாசனை வருவது மெய்லார்ட் வினையால். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி காமீய் மெய்லார்டின் பெயரால் அழைக்கிறார்கள். ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இது வேகமாக நடக்கும். கறியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சும்மா கிளறிக்கொண்டே இருந்தால் கறி வேகும், ஆனால் சாம்பல் நிறத்திலேயே நிற்கும்.

ஒரு பக்கம் பழுப்பானதும் உருளைக்கிழங்கு மசிக்கும் மத்தால் உதிர்த்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், அரைக் குடைமிளகாய், இரண்டு பல் பூண்டு. வதங்கியதும் 2 மேசைக்கரண்டித் தக்காளி பேஸ்டைப் போட்டு, அது செங்கல் நிறம் ஆகும்வரை பிரட்டுங்கள். பிறகு கெட்ச்சப் 4 மேசைக்கரண்டி, வூஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி, கடுகு சாஸ் 1 தேக்கரண்டி, வினிகர் 2 தேக்கரண்டி, பிரவுன் சுகர் 2 தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப். சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். சாஸ்களிலேயே நிறைய இருக்கிறது.

பதம் பார்ப்பது எப்படி? கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் தண்ணீர் அதிகம். இரண்டு நொடி நின்று மெதுவாக மூடினால் சரி. மூடவே இல்லையென்றால் சுண்டிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, சூடு. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த கறியில் மேற்பரப்பு என்று ஒன்று இல்லை, எல்லாம் உள்ளே கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர்களால் 700க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள். மாட்டுக் கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸ், கோழி, டர்க்கி என்றால் 74 டிகிரி வரை சூடாக வேண்டும் என்பது இங்கே அரசு விதி. 15 நிமிடம் கொதிக்கும் சாஸில் அது தானாகவே நடந்துவிடும்.

இரண்டாவது, மிளகாய்த்தூள். அமெரிக்கச் செய்முறையில் சில்லி பவுடர் ஒரு மேசைக்கரண்டி என்று போட்டிருந்தால் நம் டப்பாவைத் திறக்காதீர்கள். 1890களில் டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் விற்கத் தொடங்கிய வகைத் தூள் அது: காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு கலந்தது. நம்முடையது வெறும் மிளகாய். நான் ஒருமுறை வீட்டுத் தூளை ஒரு மேசைக்கரண்டி போட்டேன். அன்று எல்லாரும் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

இரண்டாவது வாணலி: பருப்பு

இந்த நேரத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். அம்மா சுத்த சைவம். நான் கல்லூரி விடுதியில் அசைவம் பழகியவன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, அவ்வளவுதான் கேட்பார். ஆனால் நாங்கள் மேசையில் பன்னைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் ஓரமாக உட்கார்ந்து ரசம்சாதம் சாப்பிடுவது மகளுக்குப் பிடிக்கவில்லை. "ஆச்சிக்கும் ஒரு ஸ்லாப்பி ஜோ செய்யேன்பா" என்றாள்.

செய்யலாம். ஒரு கப் முழு மைசூர்ப் பருப்பு, தோலோடு இருப்பது. இங்கே பிரவுன் லென்டில் என்று கிடைப்பதும் சரிவரும். தோல் நீக்கி உடைத்த ஆரஞ்சுப் பருப்பு வேண்டாம், கரைந்து கூழாகிவிடும். பருப்பை வெறும் தண்ணீரில் முதலில் வேகவைத்துவிட்டுத்தான் தக்காளி, வினிகர் எல்லாம் சேர்க்க வேண்டும். காரணம் நம் எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான்: பருப்பு வேகுமுன் புளியை ஊற்றினால் சாம்பார் என்ன ஆகும்? பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் சீக்கிரம் கரையாது. அதனால் பருப்பு விறைத்தே நிற்கும். வெந்தபின் அதே புளிப்பு நமக்கு உதவி செய்கிறது. பருப்பு குழையாமல் காக்கிறது.

தனி வாணலி, தனிக் கரண்டி. வெங்காயம், குடைமிளகாய், தக்காளி பேஸ்ட், கெட்ச்சப், கடுகு சாஸ், வினிகர், வூஸ்டர் சாஸ், பிரவுன் சுகர். கறியைத் தவிர மற்ற எல்லாம் அதே அளவு. அம்மா இரண்டு பன் சாப்பிட்டார். "நம்ம புளிக்கூட்டு மாதிரி இருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு தூக்கலா இருக்கு. என்னடா போட்ட?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

அந்த "என்னமோ ஒண்ணு" என்ன என்று மறுநாள்தான் எனக்கே தெரிந்தது.

இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று பட்டியல் போட்டேன். வூஸ்டர் சாஸுக்கு நேரே எழுத ஒன்றும் தெரியவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். வினிகர், மொலாசஸ், சர்க்கரை, உப்பு, நெத்திலி, வெங்காயம், பூண்டு, புளிச்சாறு.

நெத்திலி.

இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்து மருந்துக்கடைக்காரர்கள் லீ, பெரின்ஸ் இருவரும் 1837இல் விற்கத் தொடங்கிய சாஸ் இது. வங்காளக் கவர்னராக இருந்த சாண்டிஸ் பிரபு இந்தியாவிலிருந்து கொண்டுவந்த செய்முறை என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெயரில் வங்காளத்துக்குக் கவர்னர் யாரும் இருந்ததில்லை. இதிலும் ஒரு ஜோ! ஆனால் புளி நிஜம். நெத்திலியும் நிஜம். கெட்ச்சப் என்ற சொல்லே தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் சாஸைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அது ஐரோப்பா போய், 1812இல் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் அச்சிட்ட செய்முறையில் தக்காளிக்கு மாறி, மெல்ல மெல்ல மீனைத் தொலைத்துவிட்டது. வூஸ்டர் சாஸ் தொலைக்கவில்லை. ஸ்லாப்பி ஜோவில் ஊற்றும் இரண்டு பாட்டிலுக்குப் பின்னாலும் மீன் இருக்கிறது. ஒன்றில் பெயரில் மட்டும், இன்னொன்றில் உள்ளேயே.

இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். நாம் எழுதுவது நாலு வரி. அது ஒரு லைப்ரரியை இழுத்து வரும், அந்த லைப்ரரி இன்னும் பத்தை இழுத்து வரும். அந்தப் பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டதற்காக இளைஞர்களிடம் எத்தனை முறை சத்தம் போட்டிருக்கிறேன்! கறியை எடுத்துவிட்டால் சைவம் என்று நினைத்துவிட்டேன். கரண்டியைக்கூடத் தனியாக எடுத்து வைத்தவன், பாட்டிலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எழுபத்து மூன்று வயதுவரை அவர் காத்துவந்த ஒன்று அது. அதில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை. மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியாமத்தான போட்ட" என்றார். எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. மகள் இரண்டு முறை என்னிடம் வந்து, "ஆச்சிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். அவளிடமும் உள்ளதைச் சொன்னேன். சாயங்காலம் அம்மா சமையலறைக்கு வந்து அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொன்னார். முடித்ததும், "புளிதான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் பருப்பு வாணலிக்குப் போவது அம்மாவின் கலவை. சுண்டைக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 தேக்கரண்டி, வெல்லம் அரைத் தேக்கரண்டி, பொடித்த ஒரு கிராம்பு, இரண்டு சிட்டிகை மிளகு. வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது: புளிப்புக்குப் புளி, இனிப்புக்கு வெல்லம், நெத்திலி செய்துகொண்டிருந்த உமாமிக்குச் சோயா. சோயா சாஸின் பாட்டிலையும் திருப்பிப் படித்துவிட்டுத்தான் ஊற்றினோம். கெட்ச்சப், கடுகு சாஸ் எல்லாவற்றையும்தான்.

கடைசியாக, பன்

நல்ல சாஸ் செய்துவிட்டு, பன்னைப் பிரித்த கையோடு அப்படியே வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஊறிக் கையோடு வந்துவிடும். பன்னின் உள்பக்கம் வெண்ணெய் தடவிக் கல்லில் பொன்னிறமாக வாட்டுங்கள். வாட்டிய மேற்பரப்பு காய்ந்து இறுகுவதாலும், வெண்ணெய் தண்ணீரைத் தள்ளுவதாலும் ஐந்தாறு நிமிடம் தாங்கும். பரிமாறுவதற்கு முந்தைய நிமிடத்தில்தான் கறியை அள்ளி வைக்க வேண்டும். மேலே கூறிய அளவு நாலைந்து பன்னுக்கு வரும். மீந்ததை மறுநாள் தோசைக்கு உள்ளே வைத்துப் பாருங்கள்.

போன மாதம் மகளின் தோழிகள் இரண்டு பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மேசையில் இரண்டு வாணலி, நடுவில் பன் தட்டு. அம்மாவும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததில் ஒருத்தி, பிறந்தநாளுக்கும் வந்திருந்தவள், பன்னைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது ஸ்லாப்பி ஜோ இல்லையே."

என் மகள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இது எங்க ஊர் ஸ்லாப்பி ஜோ" என்றாள். பிறகு பருப்பு வாணலியைக் காட்டி, "அது ஆச்சி ஊர் ஸ்லாப்பி ஜோ" என்றாள்.

ஆக, கணக்கில் ஐந்தாவது ஊராகத் திருநெல்வேலியையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஜோ யார் என்று யாரும் கேட்டால் அம்மா பெயரைச் சொல்லிவிடுகிறேன்.